ஆடிக் காற்றும் டூர் டி பிரான்ஸும்

டூர் டி பிரான்ஸ் நடக்கும் ஜூலையில்தான் சங்கராபுரத்தில் ஆடிக் காற்றும் கிளம்புகிறது. மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்து சைக்கிள் மிதித்தவருக்கு எதிர்காற்றின் பலம் தெரியும்.

டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கிய சைக்கிள் பந்தயம். இன்று 21 கட்டங்கள், மூன்று வாரம், சுமார் 3,400 கிலோமீட்டர். எனக்குப் பிடித்தவர் முன்னிலையில் இருக்கும் மஞ்சள் பனியன்காரர் அல்ல. அவருக்கு முன்னால் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறவர். பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சமாகிறது என்றால் இவரால்தான். அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்து, முதுகு புடைக்க விரட்டி மிதித்து வந்து ஒவ்வொருவருக்கும் நீட்டுவார். மலையேற்றம் கடுமையானதும் பின்தங்குவார்; கேமராவும் அவரை விட்டுவிடும்.

எட்டுப் பேர் அணியில் மேடையேறுவது ஒருவர். பரிசுப் பணத்தை மட்டும் அணியோடு பங்கிட்டுக்கொள்வது வழக்கம். அடுத்த ஜூலையில் அந்த ஏழு பேரையும் கவனித்துப் பாருங்கள்.