முதலிடம் எதை அளக்கிறது? டாப்500 பட்டியல்: ஒரு மதிப்பீடு

உலகின் அதிவேக மீத்திறன் கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் மொய்யர், எரிக் ஸ்ட்ரோமையர் ஆகியோரும் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜாக் டொங்காராவும் இதைத் தொடங்கினார்கள். போட்டிக்கு வரும் எல்லாக் கணினிகளுக்கும் லின்பேக் என்ற ஒரே தேர்வுதான். மிகப் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைக் கணினி தீர்க்க வேண்டும். தீர்க்கும்போது நொடிக்கு எத்தனை கணக்குகள் போட்டது என்பதே அதன் மதிப்பெண்.

இந்த ஏற்பாட்டின் முதல் பலம் தொடர்ச்சி. 1993 ஜூனில் முதலிடம் பெற்ற சிஎம்-5 நொடிக்கு 5,970 கோடி கணக்குகள் போட்டது, அதாவது 59.7 கிகாஃப்ளாப்ஸ். 2024 நவம்பரில் முதலிடம் பிடித்த எல் கேப்பிடன் எட்டிய வேகம் 1.742 எக்ஸாஃப்ளாப்ஸ் (ஓர் எக்ஸாஃப்ளாப்ஸ் என்பது நூறு கோடி கிகாஃப்ளாப்ஸ்). 31 ஆண்டுகளில் ஏறத்தாழ 2.9 கோடி மடங்கு வளர்ச்சி. அளவுகோல் நடுவில் மாறியிருந்தால் இப்படி ஒப்பிட முடியாது. 2013-ஐ ஒட்டி வளர்ச்சியின் வேகம் தளரத் தொடங்கியதையும் இந்தத் தொடர்ச்சியே காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது பலம், போட்டி பொறியியலுக்குக் கொடுத்த உந்துதல். 2008-இல் முதன்முதலாக ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் வேகத்தைத் தொட்ட ரோட்ரன்னருக்குச் சுமார் 2.35 மெகாவாட் மின்சாரம் தேவைப்பட்டது. அதையே ஆயிரம் மடங்கு பெருக்கி எக்ஸாஃப்ளாப்ஸை எட்ட நினைத்தால் 2,350 மெகாவாட் வேண்டும். இரண்டு பெரிய அணு உலைகளின் உற்பத்தியைவிட அதிகம். அந்த ஆண்டே அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்பாவுக்காகத் தயாரான ஆய்வறிக்கை 20 மெகாவாட்டை இலக்காக வைத்தது. 2022-இல் ஃப்ரான்டியர் 1.1 எக்ஸாஃப்ளாப்ஸைச் சுமார் 21 மெகாவாட்டில் எட்டிக் காட்டியது. வேகத்தோடு மின்சிக்கனத்தையும் அளக்க 2007-இல் கிரீன்500 என்ற துணைப் பட்டியல் வந்தது.

குறை தொடங்குமிடம் தேர்வுத்தாள். லின்பேக் சமன்பாடுகளின் எண் அட்டவணையான அணியில் எல்லா இடங்களிலும் பூஜ்யமல்லாத எண்கள் நிறைந்திருக்கும். நினைவகத்திலிருந்து ஒருமுறை கொண்டுவந்த எண்ணைச் செயலி பலமுறை பயன்படுத்திக்கொள்ளலாம். அணியின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் தரவு நான்கு மடங்காகும். கணக்கோ எட்டு மடங்காகும். அதனால் நினைவகம் மந்தமாக இருந்தாலும் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. வானிலைக் கணிப்பு, பொறியியல் மாதிரியாக்கம் போன்ற வேலைகளில் வரும் அணிகள் பலவும் பெரும்பாலும் பூஜ்யங்களால் ஆனவை. ஓர் எண்ணைத் தேடிக் கொண்டுவந்து, ஓரிரு கணக்குப் போட்டதும் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் தரவு வந்துசேரும்வரை சும்மா இருக்கும்.

இந்த இடைவெளியை அளக்க, டொங்காராவும் மைக்கேல் ஹெரோவும் 2013-இல் எச்பிசிஜி என்ற மாற்றுத் தேர்வை முன்வைத்தார்கள். அதன் முடிவுகள் இடைவெளியை வெளிப்படையாகக் காட்டின. சீனாவின் சன்வே தைஹுலைட் லின்பேக்கில் 93 பெட்டாஃப்ளாப்ஸ் எடுத்தது. எச்பிசிஜியில் அதில் அரை சதவீதம்தான் தேறியது. ஜப்பானின் ஃபுகாகு லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப்ஸும் எச்பிசிஜியில் 16 பெட்டாஃப்ளாப்ஸும் எடுத்தது. 2022-இல் லின்பேக்கில் ஃபுகாகுவை முந்திய ஃப்ரான்டியரால் எச்பிசிஜியில் முந்த முடியவில்லை. ஃபுகாகு அங்கே 2025 ஜூன்வரை முதலிடத்தில் இருந்தது. ஆக, மூன்று ஆண்டுகள் 'உலகின் அதிவேகக் கணினி' என்ற பட்டம் எந்தத் தேர்வைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்திருந்தது.

தேர்வைக் குறிவைத்துப் படிக்கும் பழக்கமும் இதிலிருந்து வருகிறது. நினைவகத்துக்கும் மென்பொருளுக்கும் போக வேண்டிய பணம், மதிப்பெண்ணைக் கூட்டும் செயலிகளுக்குப் போகும் ஆபத்து உண்டு. தேர்வுக்கே நேரமும் மின்சாரமும் செலவாகின்றன. 2011-இல் ஜப்பானின் கே கணினி 10.5 பெட்டாஃப்ளாப்ஸ் எடுத்த ஓட்டம் 29 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஆயிரக்கணக்கான செயலிகள் அத்தனை நேரம் பழுதில்லாமல் இயங்குகின்றனவா என்ற சோதனையாகவும் அது அமைகிறது என்பதை மறுக்க முடியாது. இருந்தும், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அமைந்த புளூ வாட்டர்ஸ், உண்மையான ஆய்வு வேலைகளில் காட்டும் வேகமே முக்கியம் என்று சொல்லி, 2012-இல் பட்டியலில் சேராமலே ஒதுங்கிக்கொண்டது.

பட்டியலில் சேருவது விருப்பத்தைப் பொறுத்தது என்பது மற்றொரு குறை. 2015-இல் சீனாவின் சில மையங்களுக்கு இன்டெல் செயலிகள் விற்பதை அமெரிக்கா தடுத்தது. மறு ஆண்டே உள்நாட்டுச் செயலிகளால் ஆன தைஹுலைட்டைச் சீனா முதலிடத்தில் நிறுத்தியது. பின்னாளில் தன் புதிய பெரிய கணினிகளைப் பட்டியலுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. தனியார் நிறுவனங்களின் மாபெரும் செயற்கை நுண்ணறிவு மையங்கள் பலவும் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. எனவே முதலிடம் என்பது, பங்கேற்க முன்வந்தவர்களுள் முதலிடம் என்றே பொருள்படும்.

முதலிடத்தின் மதிப்பு ஜப்பானில் நேரடியாகவே விவாதத்துக்கு வந்தது. 2009 நவம்பரில் அரசுச் செலவுகளை ஆராய்ந்த குழுவில் இருந்த ரென்ஹோ, கே கணினித் திட்டத்தைப் பார்த்து, இரண்டாம் இடம் ஏன் போதாது என்று கேட்டார். நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள்; நிதியின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. 2011-இல் முதலிடம் பெற்ற கே, ஓராண்டிலேயே அதை இழந்தது. ஆனால் பெரும் வலைப்பின்னல் தரவுகளை அலசும் கிராஃப்500 தேர்வில் 2019-இல் ஓய்வு பெறும்வரை அது முன்னணியில் இருந்தது. அடுத்து வந்த ஃபுகாகுவை, மருந்தாய்வு, பேரிடர் முன்கணிப்பு முதலான பயன்பாடுகளை முன்னிறுத்தி வடிவமைத்தார்கள். 2020 ஜூனில் அது டாப்500, எச்பிசிஜி, செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான எச்பிஎல்-ஏஐ, கிராஃப்500 ஆகிய நான்கிலும் முதலாவதாக வந்தது. பயனை முன்வைத்துக் கட்டினாலும் இடம் தேடிவரும் என்பதற்கு இது சான்று.

டாப்500 பல ஆண்டுப் போக்கைக் காட்டுவதில் நம்பகமானது. ஒரு கணினியின் தகுதியைச் சொல்வதில் அரைகுறையானது. ஒரு கணினியை மதிப்பிட லின்பேக் எண்ணோடு எச்பிசிஜி எண், வாட் ஒன்றுக்கான வேகம், அதில் முடிந்த ஆய்வுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுப்பணம் செலவாகும் திட்டங்களில் இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒப்பந்த நிலையிலேயே இலக்காக எழுதிவைத்தால், தரவரிசை விளம்பரமாக மட்டும் முடியாமல் அளவுகோலாகவும் பயன்படும்.