நைலின் தராசில் நமது குளங்கள்

நைல், யூப்ரடீஸ்–தைகிரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு என்று நான்கு நிரல்களை வரைந்து, ஐந்தாவதாக அநுராதபுரத்தையும் சேர்த்துவிடுகிற அட்டவணையொன்றை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ரியூசன் வகுப்புகளின் போட்டோக் கொப்பிகளில் கண்டிருக்கிறேன். ஐந்துக்கும் ஒரே விளக்கந்தான்: ஆறு இருந்தது, பெரும் நீர்ப்பாசனம் தேவைப்பட்டது, அதை நடத்த வலிய அரசன் எழுந்தான். பரீட்சைக்கு இது போதும். வரலாற்றுக்குப் போதாது.

இவ்விளக்கத்தைப் பிரபலப்படுத்தியவர் கார்ல் விட்ஃபோகல். ஜேர்மன் கம்யூனிஸ்டாக இருந்து, நாஜிகளின் சிறைமுகாமிலிருந்து வெளிவந்து, அமெரிக்காவில் கடும் கம்யூனிச எதிர்ப்பாளராக மாறியவர். 1957இல் வெளிவந்த 'கீழைத்தேயக் கொடுங்கோன்மை' என்ற அவரது நூல் பார்ப்பதற்கு நைலையும் சீனத்தையும் பற்றியது. அடியிலே மொஸ்கோவையும் பீக்கிங்கையும் பற்றியது. கீழைத்தேயத்தவன் என்றாலே அரசனுக்கு அடிமை என்ற பழைய ஐரோப்பிய எண்ணத்துக்கு அது தண்ணீர்க் காரணம் ஒன்றைத் தேடிக் கொடுத்தது.

இரண்டே வருடத்தில், 1959இல், எட்மண்ட் லீச் இலங்கையை முன்வைத்து மறுத்தார். வடமத்திய மாகாணத்துப் புல் எலிய கிராமத்தில் இருந்து வயலையும் வாய்க்காலையும் அளந்தவர் அவர். கலாவெவ–திசாவெவத் தொகுதியைப் பாருங்கள் என்றார். கீழ்முனையிலுள்ள திசாவெவ கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் கட்டப்பட்டது. மேல்முனையிலுள்ள கலாவெவ கி.பி. 5ஆம் நூற்றாண்டில், தாதுசேனன் காலத்தில். இரண்டையும் இணைக்கும் 54 மைல் யோத எல ஒரு கொடுங்கோலனின் ஒரே திட்டத்தில் பிறந்ததல்ல, பல நூற்றாண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ந்தது. அரசு சரிந்த பிறகும் கிராமத்துச் சிறுகுளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு இந்த வாதம் பிடிக்கும். அதைவிட, வயலில் நின்று பேசுகிற அந்தக் குரல் பிடிக்கும்.

ஆனால் அட்டவணையின் ஆழமான பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஆறு என்ற சொல் ஒன்றுதான், ஆறுகள் ஒன்றல்ல. நைல் கோடை முடிவில் பெருகி, வண்டலை இட்டுவிட்டு, விதைப்புக் காலத்துக்குச் சரியாக வடியும். அதைப் பாத்திகளில் தேக்குவதற்கு ஊர்மட்ட நிர்வாகமே போதுமாயிருந்தது என்று கார்ல் புட்சர் காட்டினார். மெசப்பொத்தேமியாவில் வெள்ளம் வருவதோ அறுவடை நேரத்தில். அங்கே அணையும் கால்வாயும் இல்லாமல் முடியாது, உப்பும் மண்ணில் ஏறும். அங்குகூடப் பெருங்கால்வாய்கள் அரசு தோன்றிய பின்னரே வந்தன என்பது ரொபர்ட் அடம்ஸின் முடிவு. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் நூற்றுக்கணக்கான கிணறுகள் உண்டு. அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு கட்டடம் இல்லை.

நமது அருவி ஆறும் கலா ஓயாவும் மழைக்குப் பெருகி வரட்சிக்கு மெலிபவை. இங்கே நாகரிகம் ஆற்றங்கரையில் அல்ல, குளக்கட்டில் நிற்கிறது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் நைலை விட்டுவிட்டு, இரண்டு பருவகால ஓடைகளின் நடுவே மழைநீரைத் தேக்கிய குஜராத்தின் தோலாவிராவோடு ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டில் கொஞ்சம் உயிர் இருக்கும்.

லீச் மறுபக்கம் அதிகமாகச் சாய்ந்தார் என்பதும் உண்மை. கிராமம் அவருக்குக் கிட்டத்தட்ட காலமற்றதாகிவிடுகிறது. ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1971இல் இதைச் சீர்செய்தார்: அரசனும் உண்டு, கிராமமும் உண்டு, நடுவிலே குளங்களைச் சொந்தமாக வைத்திருந்த தனியாரும் விகாரைகளும் உண்டு. பிராமிக் கல்வெட்டுகளில் வரும் 'வாபிஹமிக', அதாவது குளத்துக்காரன், இதற்குச் சாட்சி. மூவரிலும் கல்வெட்டை நிதானமாக வாசித்தவர் இவர்தான்.

எனக்குள்ள குறை, இந்த விவாதம் முழுவதும் அநுராதபுரத்தைச் சுற்றியே நடக்கிறது என்பதுதான். கிழக்கின் வட்டைகள் இதற்குள் வரவேயில்லை. சம்மாந்துறையில் என் உம்மாவின் வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, கட்டுவேலைக்கு யார் வராமல் விட்டது, மாடு யாருடைய பயிருக்குள் இறங்கியது எல்லாம் அவர் கணக்கு. கூலி நெல்லாக வரும். "குளம் ராசாடயா இருக்கலாம் மகன், தண்ணி வட்டையாக்கள்ட" என்பாராம். அந்தப் பதவி அவர்கள் காலத்துப் புதுமையுமல்ல. ஆளுநர் ஹென்றி வார்டின் 1856ஆம் ஆண்டுச் சட்டம், வயற்காரர் கூடிப் பழைய வழமைப்படி நீரைப் பங்கிட வழிவிட்டபோது, ஊரில் ஏற்கெனவே இருந்த ஒழுங்கின் மேல்தான் கைவைத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு நீரின் திறப்பு இங்கினியாகலைக்குப் போனது. 1958இன் நெற்காணிச் சட்டம் விதானைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது.

விட்ஃபோகல் சரியா பிழையா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே வட்டையில், ஒரு மனித ஆயுளுக்குள், ஊர் நடத்திய நீரையும் அரசு நடத்திய நீரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். விதானைமாரின் கொப்பிகள் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வீடுகளின் பெட்டகங்களில் இன்னும் கிடந்தால், கறையான் எடுப்பதற்கு முன் யாராவது பிரதி எடுங்கள். ஐந்தாவது நிரலை அழித்து எழுத வேண்டிய தரவு அவற்றில்தான் இருக்கும்.