பிறந்த நாளின் கோள்கள் முன்கையில்: மூன்று இலவசக் கருவிகள், ஒரு சோதனை

அக்கா மகள் பிறந்தது 2000 ஜனவரி 1, மாலை ஐந்தரை மணிக்கு. அந்த நேரத்தில் எட்டுக் கோள்களும் சூரியனைச் சுற்றி எங்கெங்கே நின்றனவோ, அதை அப்படியே முன்கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய படம் ஒன்றையும் கொண்டுவந்தாள். "மாமா, இது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க. குத்தின அப்புறம் மாத்த முடியாது" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஒரு வார இறுதியில் மூன்று கருவிகளோடு உட்கார்ந்தேன்.

இதற்கு ஜாதகக் கட்டம் உதவாது. அது பூமியிலிருந்து பார்த்துப் போட்ட கணக்கு. அதிலும் அயனாம்சம் கழித்தது. வட்டப் பாதைகளாக வரையும் படத்துக்குச் சூரியனை நடுவில் வைத்து, ஒவ்வொரு கோளும் எத்தனை பாகையில் நின்றது என்று தெரிய வேண்டும்.

நாசா ஐஸ்

உலாவியிலேயே திறக்கும். தேதியை மாற்றி, சூரியக் குடும்பத்தை மேலிருந்து பார்க்கும்படி திருப்பினால் எட்டுக் கோள்களும் கண்முன் வந்துவிடும். கோள்கள் அடுக்கடுக்காக நிற்கும் வரிசையைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கோணத்தை எண்ணாகத் தராது. 1949 முதல் 2049 வரைதான் போக முடியும் என்பதால், 1947இல் பிறந்த பாட்டிக்கு இது பயன்படாது.

ஸ்டெல்லேரியம்

கணினியில் நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள். பிறந்த ஊரின் வானத்தையே படமாக்க விரும்புகிறவர்கள் நேராக இதற்கு வரலாம். எஃப்6 விசையில் ஊர், எஃப்5 விசையில் தேதியும் நேரமும். மாலை ஐந்தரைக்குச் சூரியன் இன்னும் மறையவில்லை. ஏ விசையைத் தட்டி வளிமண்டலத்தை நீக்கியதும் பகல் வெளிச்சம் போய் விண்மீன்கள் தெரிந்தன. வானப் படத்துக்குப் பிறந்த நேரம் துல்லியமாக வேண்டும். ஒரு மணி தவறினால் வானம் 15 பாகை நகர்ந்துவிடும்.

ஹொரைசன்ஸ்

நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் நடத்தும் கணிப்புச் சேவை. படம் கிடையாது, எண் பட்டியல்தான். பழக அரை மணி ஆனது. பார்வையிடம் பூமியாக இருந்தால் பூமியின் கோணத்தையே கேட்க முடியாது. அதைச் சூரியனுக்கு மாற்ற வேண்டும். நேரம் உலகப் பொது நேரத்தில் கேட்கும். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து 12:00 என்று கொடுத்தேன். ஒவ்வொரு கோளாக எட்டு முறை கேட்டதும் வந்த விடை, முழுப் பாகையில்: புதன் 254, வெள்ளி 183, பூமி 100, செவ்வாய் 359, வியாழன் 36, சனி 46, யுரேனஸ் 316, நெப்டியூன் 304. வெள்ளியும் செவ்வாயும் சூரியனுக்கு இருபுறமும் ஏறக்குறைய எதிரெதிரே. வியாழனும் சனியும் பக்கம் பக்கமாக. வானியலார் ஜே2000 என்று அடிப்படையாக வைத்திருக்கும் கணமும், ஒரு நிமிட வித்தியாசத்தில், இதுவேதான்.

நேரம் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தப் படத்தில் பூமி ஒரு நாளைக்கு ஒரு பாகைதான் நகரும். மிக வேகமான புதனே சராசரியாக நான்கு பாகை. நிலவையும் சேர்ப்பதென்றால் மட்டும் மணி தேவை; அது நாளுக்குப் பதின்மூன்று பாகை ஓடும்.

இனி வாங்கிய படம். கோணமானியை வைத்து அளந்தேன். எண்கள் எல்லாம் சரி, திசைதான் தவறு. சூரியக் குடும்பத்தை வடக்கிலிருந்து பார்த்தால் கோள்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். கோணத்தையும் அப்படித்தான் எண்ண வேண்டும். பூஜ்ஜியம் வலப்பக்கம் இருந்தால் வியாழனும் சனியும் மேலே வர வேண்டும். அந்தப் படத்தில் கீழே இருந்தன. முழுப் படமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டிருந்தது. நாசா ஐஸ் காட்டிய வரிசையும் இதையே உறுதி செய்தது.

தூரத்தை அளவோடு வரையப் பார்க்காதீர்கள். நெப்டியூன் பாதைக்கு 6 செ.மீ. ஆரம் கொடுத்தால் புதனுக்கு 1 மி.மீ.கூட மிஞ்சாது, மை பரவி மறைந்துவிடும். வட்டங்களைச் சம இடைவெளியில் போட்டு, கோணத்தை மட்டும் உண்மையாக வையுங்கள். கையில் அச்சை ஒட்டியதும், ஊசி படுவதற்கு முன், மூலப் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

எண்ணுக்கு ஹொரைசன்ஸ், சரிபார்க்க நாசா ஐஸ், பிறந்த ஊர் வானத்துக்கு ஸ்டெல்லேரியம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஹொரைசன்ஸ் என்பேன். கோணங்கள் சரியாக இருந்தால் அந்தப் படமே ஒரு தேதி: நெப்டியூனும் சனியும் ஆண்டைச் சொல்லும், பூமி நாளைச் சொல்லும். விவரம் தெரிந்த எவரும் என் மருமகளின் கையைப் பார்த்து அவள் பிறந்த நாளைப் படித்துவிடலாம். புரண்ட படத்தைக் குத்தியிருந்தால், அவர்கள் கணக்கில் அவளுடைய நாளே வந்திருக்காது.