வாச்சாத்திப் பெண்கள் சுட்டிய விரல்

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே சித்தேரி மலை. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களை ஒட்டி வாழும் மலையாளிப் பழங்குடிச் சனம்தான் அதன் அடிவாரத்து வாச்சாத்தியிலும் இருக்கிறது. இடதுசாரி அரசியலில் நம்பிக்கை வைக்க இனி என்ன மிச்சம் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இந்த ஊரைப் பற்றித்தான் பேசுவேன்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் சனங்களை நிறுத்தி அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களும் குழந்தைகளும் சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்ட அதே சிறை.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் வந்து பார்த்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. மனு, வாய்தா, சாட்சி, மறுபடி வாய்தா. புரட்சி என்றதும் நினைவுக்கு வரும் ஆவேசம் எதுவும் இதில் இல்லை. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற சாட்சிகளை ஒவ்வொரு தடவையும் அழைத்துப்போய் வர ஒருவர் இருந்தாரே, என் மனம் அங்கேதான் நிற்கிறது.

அதைவிட நுட்பமானது, குற்றவாளிகளை அடையாளம் காட்டும் அணிவகுப்பு. எந்த உடுப்பைக் கண்டு ஊர்ச் சனம் காட்டுக்குள் ஓடியதோ, அதை உடுத்தியவர்களின் முகத்தை நேராகப் பார்த்து விரல் நீட்டினார்கள் அந்தப் பெண்கள். சங்கம் அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சங்கத்துக்கு நம்பிக்கை கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பேன்.

தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரில் ஒருவர்கூட விடுதலையாகவில்லை. குற்றவாளிகளின் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று, தண்டனைகளை உறுதிசெய்தார். அந்த 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.