கெட்டில்பெல் வீச்சு: பரம்பரைகளும் பிரமாணங்களும்

பாரம் பயிலும் வித்தைகள் பலவற்றுள், கைப்பிடி வார்த்த இரும்புக் குண்டைக் கால்களுக்கிடையே பின்னே போகவிட்டு, இடுப்பின் விசையால் மார்பளவுக்கு எழுப்பும் கெட்டில்பெல் வீச்சு, பார்வைக்கு மிக எளியதாகவும் பழகுவதற்கு மிக நுட்பமானதாகவும் இருப்பது. குண்டு இலேசாக இருக்கும்வரை வீச்சின் குற்றங்கள் மறைந்து கிடக்கும். குண்டு கனக்கக் கனக்க அவை ஒவ்வொன்றாக வெளிப்படும். ஆதலால், கனத்த குண்டுக்கு ஒருவர் எப்போது உரியவராகிறார், உரியவரான பின் அதை எவ்விதம் ஆளவேண்டும் என்னும் இரண்டு கேள்விகளையும் இவ்வித்தையின் ஒவ்வொரு பரம்பரையும் தன் வழியில் ஆராய்ந்து வந்திருக்கிறது. அப்பரம்பரைகளின் பிரமாணங்களை எடுத்துக்காட்டி, அவை ஒன்றுபடும் இடத்தைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வித்தையின் பிறப்பிடம் ருஷ்யா. எடைக்கல்லாகப் பயன்பட்ட இரும்பே அங்கு தேகப்பயிற்சிக் கருவியாயிற்று என்பதற்கு, இன்றும் வழங்கும் அளவுகளே சாட்சி. ‘பூட்’ என்ற பழைய ருஷ்ய நிறை ஏறக்குறைய 16.38 கிலோ, 16, 24, 32 கிலோ என்ற மூன்று பிரதானக் குண்டுகள் முறையே ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்ற கணக்கிலிருந்து வந்தவை. பீட்டர்ஸ்பர்க் நகர வைத்தியர் விளாதிஸ்லாவ் கிரயேவ்ஸ்கி 1885-இல் பாரப் பயிற்சிக்கென ஒரு குழுவை அமைத்து, பலம் காட்டும் வேடிக்கையாக இருந்ததை ஆரோக்கிய சாஸ்திரத்தின் அங்கமாக உயர்த்தினார். பின்னாளில் மல்யுத்தத்தில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மித் அவரிடம் பயின்றவர்.

சோவியத் காலத்தில் இது ‘கிரெவோய்’ என்ற போட்டி விளையாட்டாக உருப்பெற்று, 1985-இல் லிபெத்ஸ்க் நகரில் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும் அளவுக்கு ஒழுங்குபட்டது. பத்து நிமிஷம், குண்டைத் தரையில் வைக்காமல், எத்தனை முறை தலைக்குமேல் உயர்த்த முடியும் என்பதே அதன் பரீட்சை. வீச்சு அங்கே தனிப் போட்டியன்று. ஒரே விசையில் குண்டைத் தலைக்குமேல் கொண்டுபோகும் ‘ஸ்நாட்ச்’ என்ற பிரயோகத்தின் கீழ்ப்பாதியே வீச்சு. எனவே அந்தப் பரம்பரையார் சிக்கனத்தைப் பிரதானமாகக் கொண்டனர். குண்டு ஊசலைப்போல் ஆழமாகப் பின்சென்று மீளும். முழங்கால்கள் வேண்டிய அளவு வளைந்து நிமிர்ந்து உதவும். சுவாசம் இடையறாது ஓடும். போட்டிக் குண்டுகள் எந்த எடையிலும் ஒரே பருமனாக வார்க்கப்பட்டு, நிறத்தால் மட்டும் வேறுபடுவதும் (16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு) இந்தச் சிக்கனத்துக்கு ஏற்றதே. எடை கூடும்போது கையும் காலும் அறிந்த பாதை மாறுவதில்லை. சாதாரண வார்ப்பிரும்புக் குண்டோ எடையோடு பருமனும் கூடுவது. அதைக் கொண்டு பயில்பவர் ஒவ்வொரு படியிலும் கால்களின் அகலத்தைத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பரம்பரை, மின்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்காவில் போதித்த பாவெல் த்ஸத்ஸூலினுடையது. 1998-இல் அவர் எழுதிய கட்டுரையும், 2001-இல் தொடங்கிய ஆசிரியப் பயிற்சியும், 2012-இல் நிறுவிய ஸ்ட்ராங்ஃபர்ஸ்ட் பள்ளியும் இவ்வித்தையை உலகெங்கும் பரப்பின. ‘ஹார்ட்ஸ்டைல்’ எனப்படும் இம்முறையில் சிக்கனத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு வீச்சும் முழு விசையோடு நிகழவேண்டும். முதுகு நேராக இருத்தல், குதிகால் ஊன்றி இருத்தல், பின்வீச்சில் கைப்பிடி முழங்காலுக்கு மேலாகச் செல்லுதல், மேலெழும்போது முழங்கால் முன்னே நகராமை, உச்சியில் உடல் ஒரே கோடாக நிமிர்ந்து வயிறும் பிருஷ்டமும் இறுகுதல், குண்டு ஒரு கணம் எடையற்றதுபோல் மிதத்தல் ஆகியவை அதன் லட்சணங்கள். ஒரு கையால் நூறு வீச்சுக்களை ஐந்து நிமிஷத்தில் முடிப்பது, ஆடவர்க்கு 32 கிலோவும் பெண்டிர்க்கு 24 கிலோவும் என, அவர் 2013-இல் வெளியிட்ட நூலின் முதல் இலக்கு. ஆடவர்க்கு அடுத்த இலக்கு 48 கிலோ.

மூன்றாவதான கிராஸ்ஃபிட் முறையில் குண்டு தலைக்குமேல் வரை செல்லும்; பாதை நீண்டால் செய்யும் வேலை மிகும் என்பது அவர்கள் நியாயம். கனம் கூட்ட விரும்புவோருக்கு இம்முறை உகந்ததாகத் தோன்றவில்லை. தோளின் வளைவு போதாதவர் அந்தக் குறையை இடுப்பருகே முதுகை வளைத்து ஈடுசெய்ய நேரும், பாரம் கூடக்கூட அந்த ஈட்டின் விலையும் கூடும்.

சாஸ்திர ஆராய்ச்சியும் இதில் துணைபுரிகிறது. ஸ்டூவர்ட் மக்கில்லும் லீ மார்ஷலும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, வீச்சின்போது கீழ்முதுகெலும்பில் ஏற்படும் குறுக்குத் தள்ளுதல், சாதாரணப் பாரத்தூக்கலில் உண்டாவதற்கு எதிர்த்திசையில் அமைகிறது என்று காட்டியது. பார்பெல்லைத் தரையிலிருந்து துன்பமின்றித் தூக்கும் சிலருக்கும் வீச்சு முதுகுவலி தருவதன் காரணம் இதுவாகலாம் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் பயன்படுத்திய குண்டு 16 கிலோவே. அதனினும் கனத்ததை எடுப்பவர் எத்தனை சிரத்தையோடு இருக்கவேண்டும் என்பது விளக்கம் வேண்டாதது.

இனி, கனம் கூடும்போது மாறுவது எது என்று பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 16 கிலோ குண்டு உடலில் கால்பங்கே. 32 கிலோ பாதிக்கும் அதிகம். கால்பங்குக் குண்டைக் கையாலும் தோளாலும் இழுத்து ஒப்பேற்றிவிடலாம். பாதிப்பங்குக் குண்டோ உடலையே முன்னே இழுத்துக் குதிகாலைப் பெயர்த்துவிடும். ஆகவே இடுப்பு இன்னும் பின்சென்று எதிர்நிறையாக அமையவேண்டும். அக்குளின் கீழுள்ள முதுகுத் தசைகள் தோளைக் கீழே பிடித்துவைக்க வேண்டும். கை கயிறாக மட்டும் இருக்கவேண்டும்.

இவற்றினும் அருமையானது பொறுமை. குண்டு உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதுமே குனிந்துவிடுவது ஆரம்பக்காரர் குற்றம். அப்படிக் குனிந்தால் குண்டு முழங்காலுக்குக் கீழே தொங்கி, பாரம் முழுதும் முதுகில் விழும். முன்கை தொடையோரத்தை நெருங்கும்வரை நிமிர்ந்து நின்று, பிறகே இடுப்பை விரைந்து மடக்கவேண்டும். ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் தருணத்தில் தள்ளுபவனுக்குச் சிறுவிசை போதும். இடைவழியில் தள்ளுபவனுக்கு எத்தனை பலமும் போதாது. கனத்த குண்டு மார்பளவு எழவில்லையெனில் அதுவும் குற்றமன்று. இடுப்பு முழுதும் நிமிர்ந்திருந்தால் உயரம் தானே அமையும், எட்டாத உயரத்தைக் கையால் எட்ட முயல்வதே குற்றம். தரையிலிருந்து எடுக்கும் முதல் இழுப்பிலும், திரும்ப வைக்கும் கடைசி இறக்கத்திலும் முதுகின் நேர்மை பிறழாதிருப்பதும் வீச்சின் பகுதியே. சோர்ந்த கவனம் அவ்விடத்தில்தான் நழுவுகிறது.

படியேறும் முறையிலும் நிதானம் வேண்டும். 16-லிருந்து 24-க்குச் செல்வது எடையில் பாதியை ஒருசேரக் கூட்டுவதாகும். 24-லிருந்து 32-க்கு மூன்றிலொரு பங்கு. பத்து வீச்சு கொண்ட பத்துச் சுற்றுக்களில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் கனத்த குண்டால் செய்து, அவை பழைய வீச்சைப்போல் அமைந்த பின் அடுத்த சுற்றுக்குப் பரப்புவதும், இரு கைகளால் உறுதிப்பட்டபின் ஒரு கைக்கு மாறுவதும் நல்ல மரபு.

சிக்கனத்தை வேண்டும் பரம்பரையும் முழு விசையை வேண்டும் பரம்பரையும் உருவத்தில் மாறுபட்டாலும், ஒரே நியாயத்தை வலியுறுத்துகின்றன: கடைசி வீச்சு முதல் வீச்சைப்போல் இருக்கவேண்டும், அவ்வாறு இல்லாத இடத்தில் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. ஆகவே பயிற்சிசாலை நடத்துவோர், 20, 28 கிலோ இடைக் குண்டுகளை வாங்கி வைப்பதையும், உருவம் கெட்ட மாணவரை, அவர் எவ்வளவு பலசாலியாயினும், இலேசான குண்டுக்குத் திருப்பியனுப்பும் துணிவையும் தம் கடமையாகக் கொள்ளவேண்டும். அவ்வாறு திரும்பிச் சென்று தேறி வந்தவரே அடுத்த எடைக்கு உரியவர்.