பயில்வும் ஆய்வும்: முகிற்படங்கள் வழி ஒரு கலைச்சொல் நோக்கு

ஓவியம், நிழற்படம் ஆகிய கலைகள் பற்றிய நூல்களைத் தமிழாக்குவோரை இடர்ப்படுத்தும் சொற்களுள் ஆங்கிலத்தின் 'ஸ்டடி' ஒன்று. கை, மரம், துணியின் மடிப்பு என ஏதேனும் ஒன்று எவ்வாறு அமைந்துள்ளது என்று அறியும்பொருட்டுக் கலைஞர் தீட்டும் படத்தையோ எடுக்கும் படத்தையோ அது குறிக்கும். இதனை 'முன்வரைவு' என்றும், 'பயிற்சி ஓவியம்' என்றும், 'ஆய்வு' என்றும் பெயர்க்க இடமுண்டு. ஆனால் இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி அல்ல. முன்வரைவு என்றால் பின்னர் வரவேண்டிய முழு ஓவியம் ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது. பயிற்சி என்றால் அது மாணவர் வேலையாகிவிடுகிறது. ஆய்வு என்றாலோ தீட்டிய கை மறைந்து அறிவு மட்டும் எஞ்சுகிறது. ஆகவே பெயர்ப்பாளர் இங்குச் சொல்லைத் தேரும்போதே படத்தின் தரத்தையும் தீர்மானித்துவிடுகிறார்.

இச்சொல்லின் மூலமான இலத்தீன் சொல் ஆர்வம், முனைப்பு என்னும் பொருள்களை உடையது. இத்தாலிய மொழியில் அதன் வழிவந்த 'ஸ்டூடியோ' படத்தையும் குறிக்கும், வேலை நடக்கும் அறையையும் குறிக்கும். தமிழகத்துச் சிற்றூர்களின் நிழற்படக் கடைப் பலகைகளில் காணப்படும் 'ஸ்டூடியோ' இதுவே. இசையிலும் இச்சொல்லுக்கு இத்தகைய வரலாறு உண்டு. விரற்பயிற்சிக்கென எழுந்த வகையைச் சேர்ந்த சோப்பின் 'எத்யூத்'கள் (முதல் தொகுதி, 1833) அரங்கிசையாக நிலைபெற்ற பின்னரும் அப்பெயரை இழக்கவில்லை. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற் கதைத் தலைப்பில் உள்ள 'ஸ்டடி'யும் ஓவியர் வழக்கே. கதைமாந்தரே அதனைக் கலைக்குழூஉக்குறி என்று சொல்லியிருக்க, அதனை 'ஆய்வு' எனப் பெயர்ப்பது துப்பறிதலை நினைந்து ஓவியத்தை மறப்பதாகும்.

சொல்லின் எல்லையை உணர்த்த ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் முகிற்படங்கள் தக்க சான்று. 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் அவர் வானத்தை மீண்டும் மீண்டும் தாளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். 1822-இல் மட்டும் ஏறத்தாழ ஐம்பது படங்கள் ஆயின. இத்தொழிலைக் குறிக்க அவர் 'வானம்' என்னும் பெயர்ச்சொல்லையே தம் கடிதத்தில் வினையாக்கிக்கொண்டது மொழியியலார்க்குச் சுவை தரும். படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்று வந்த திசை, பின்னர் மழை பெய்ததா என்பன போன்ற குறிப்புகள் உள்ளன. முகில்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயரிட்ட லூக் ஹோவர்டின் கருத்துகளை விளக்கும் தாமஸ் ஃபார்ஸ்டரின் வானிலை நூலையும் அவர் வைத்திருந்து, அதில் தம் மறுப்புகளை எழுதியுள்ளார்.

இவற்றை முன்வரைவு என்பது பொருந்தாது. கான்ஸ்டபிள் முன்வரைவும் செய்தவரே. 1821-ஆம் ஆண்டின் 'வைக்கோல் வண்டி' ஓவியத்திற்கு அவர் தீட்டிய முழு அளவு முன்வரைவு இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், முடிந்த ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலும் உள்ளன. முன்னது பின்னதற்காகவே உண்டானது. முகிற்படங்களுக்கோ அவ்வாறு சுட்டத்தக்க பின்னோவியங்கள் பெரும்பாலும் இல்லை. அவை முற்றுப்பெறாதவை என்பதும் சரியன்று. ஒரு முற்பகல் வேளையின் வானம் எவ்வாறிருந்தது என்ற வினாவுக்கு அத்தாளிலேயே விடை முடிந்துவிடுகிறது.

பிற்காலத்து ஆய்வாளர் அக்குறிப்புகளை அந்நாளைய வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர் என்பது இங்கு முதன்மையானது. ஒப்பிட இயன்றது என்பதே கருதத்தக்கது. பின்புறத்தில் தென்மேற்குக் காற்று என்று எழுதியவர், முன்புறத்து முகில் அக்காற்றுக்கு ஒத்து நகர்கிறதா என்று தம்மைத் தாமே சோதிக்க இடம் தருகிறார். முழு ஓவியத்தின் வானத்தை அழகன்று எனலாம். பிழை எனல் அரிது. 'ஸ்டடி' எனப்படும் படமோ பிழைபட வல்லது. முற்றுப்பெறாமையை விட இப்பண்பே அதனைப் பிரித்துக் காட்டுகிறது.

நிழற்படக் கலையில் இக்கருத்து மேலும் கூர்மையடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக உணர்வுகொண்டவை. நிலத்திற்கு ஏற்ற நேரம் ஒளி பாய்ச்சினால் வானம் வெறும் வெள்ளையாயிற்று. ஆகவே குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்படிவங்களை இணைத்து அச்சிட்டதுண்டு. இத்தகைய தொழில்நுட்ப வரலாற்றின் பின்னணியில் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922-இல் ஜார்ஜ் ஏரிக்கரையில் முகில்களைப் படம்பிடிக்கத் தொடங்கினார். எதிரில் அமர்வோரை அவர் வசியப்படுத்துவதாக எழுத்தாளர் வால்டோ ஃபிராங்க் கூறியதற்கு விடையாகவும், நாற்பது ஆண்டுகளில் தாம் கற்றது என்ன என்று அறியவும் இதனைச் செய்ததாக 1923-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் விளக்கினார். இந்நோக்கம் முற்றிலும் 'ஸ்டடி'க்கு உரியது. பத்துப் படங்கள் கொண்ட முதல் தொடரில் குன்றுகளின் விளிம்பு தெரிகிறது. முகில் நிலத்தோடு சேர்த்து அளக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு அவர் கையில் ஏந்தத்தக்க சிறு கருவிக்கு மாறினார். நிலக்கோடு மறைந்தது. பல படங்களில் மேலெது கீழெது என்று அறியவும் இயலாது. 1925 முதல் அவற்றுக்கு இட்ட பெயர் 'ஈக்குவலன்ட்ஸ்'. அதாவது அவை உள்ளத்து உணர்வுகளுக்கு நிகரானவை. கான்ஸ்டபிளும் 1822-இல் பெரும்பாலும் நிலக்கோட்டை விட்டுவிட்டார். ஆனால் பின்புறக் குறிப்பை விடவில்லை. ஸ்டீக்லிட்ஸின் பிற்காலப் படம் எதற்கு நிகர் என்பதை அவர் ஒருவரே அறிவார். அதனைப் பிழை என்று சொல்ல எவராலும் ஆகாது. அவை பேரழகு வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் 'ஸ்டடி' என்னும் பெயர் அவற்றுக்கு இனிப் பொருந்தாது. 'நிகரிகள்' எனப் பெயர்த்து, வேறு வகையாகவே கொள்ளல் வேண்டும்.

இதற்கு மறுதலையும் உண்டு. பெர்லினில் மாணவர்க்குப் பாடக்கருவியாகக் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் பெருக்கிக்காட்டி எடுத்த செடிகொடிப் படங்கள் 1928-இல் நூலானபின் கலைப்படைப்பாகப் போற்றப்பட்டன. பார்ப்பவர் மாறினர், தண்டும் மொட்டும் சரிபார்க்கத்தக்கனவாகவே இருந்தன.

இனித் தமிழ்ச்சொல். 'ஆய்வு' என்பதற்கு உரிமை இல்லாமலில்லை. தொல்காப்பிய உரியியல் 'ஆய்தல்' என்பதை உள்ளது நுணுகுதல் என்னும் பொருளில் வைக்கிறது. பார்வை நுணுகுதல் என்று அதனை விரித்துக்கொள்ளலாம். ஆயினும் இன்றைய வழக்கில் அச்சொல் பல்கலைக்கழகத்திற்கும் ஆய்வகத்திற்கும் உரியதாகிவிட்டது. 'மேக ஆய்வு' என்னும் தலைப்பைக் காண்பவர் வானிலை நிலையத்தையே எண்ணுவர். 'பயில்தல்' என்பதற்குக் கற்றல், பழகுதல் என்பவற்றோடு அடுத்தடுத்து வருதல், நெருங்குதல் என்னும் பொருள்களும் உண்டு. ஒரே வானத்தை ஐம்பது முறை தீட்டும் செயலுக்கு இதனினும் நெருங்கிய வினை இல்லை. அதன் தொழிற்பெயர்களுள் 'பயிற்சி' பள்ளிக்கூடச் சாயல் பெற்றுவிட்டமையால், அத்துணை வழக்கில் தேயாத 'பயில்வு' தகும்: முகிற்பயில்வு, கைப்பயில்வு, பொதுப்பெயராகப் பயில்வரைவு, பயில்படம். 'முன்வரைவு' வைக்கோல் வண்டியின் முழு அளவுப் படம் போன்றவற்றுக்கே நிற்கட்டும். சோதனைக்கு உட்படும் தன்மையைப் 'பயில்வு' தானே உணர்த்தாது என்னும் குறை இருக்கிறது. அதனை ஒரு சொல்லின் தலையில் ஏற்றுவதை விட, கான்ஸ்டபிள் படங்களின் பட்டியலைத் தமிழாக்கும்போது பின்புறத்து நாளையும் மணியையும் காற்றுத் திசையையும் அடிக்குறிப்புக்குத் தள்ளாமல் தலைப்பின் கீழேயே அச்சிடுவது பயன் தரும்.