அன்மையும் இன்மையும்

காவேரிப்பாக்கத்துப் பேரேரி பாலாற்றினின்றும் கால்வாய்வழி நீர் பெறுவது. மழைக்காலத்தில் அது நிறைந்து கிடக்கக் கண்டான் ஒருவன், "இது கடலன்று" என்பான். "ஈண்டுக் கடலில்லை" எனவும் கூறுவான். முன்னது அன்மை, கண்முன் உள்ள பொருளை உடன்பட்டு, அது பிறிதொன்றாதலை மறுப்பது. பின்னது இன்மை, கூறிய பொருளின் இருப்பையே மறுப்பது. கரைமேல் நிற்கும் உழவனுக்குத் தெளிவாகிய இவ்வேறுபாடு, ஒலிபெருக்கியின்முன் நிற்கும் சொற்பொழிவாளர் பலர்க்கு மயங்குகின்றது.

"நான் அல்ல", "அவன் அல்ல", "அது அல்ல" என்பன மேடைதோறும் கேட்கப்படுகின்றன. அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என இடமும் பாலும் பற்றி வேறுபடுவது இக்குறிப்புவினை; 'அல்ல' என்பது பலவின்பாற்கே உரியது. நன்னூலார் ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாக வைத்தவற்றுள் 'இல்லை' உண்டு, 'அல்ல' இல்லை. இல்லை என்பதன் உரிமையை அல்ல என்பதற்கும் ஏற்றிக்கொண்டமையே பிழைக்கு வாயில் போலும்.

அண்மையை 'அருகாமை' என்பதும் (அருகாமையாவது குறையாமை), நினைவுகூர்தலை 'நினைவு கூறுதல்' என்பதும், முயன்றான் எனற்பாலதனை 'முயற்சித்தான்' என்பதும், 'ஒவ்வொரு அடியார்களும்' எனப் பன்மை கூட்டுவதும் செவிக்கு இன்னாதனவேயாயினும் கொள்கையைக் கெடுப்பன அல்ல. அன்மை இன்மை மயக்கமோ சித்தாந்தத்தின் வேரைத் தொடுவது.

'அத்துவிதம்' என்னும் சொல்லை எடுத்து, "இரண்டில்லை என்பது பொருள்; ஆகவே உயிரும் சிவமும் ஒன்றே" எனச் சைவ மேடையிலேயே முடித்துவிடுவார் உளர். இன்மைப்பொருள் கொண்ட அளவிலேயே அவர் தம்மையறியாது ஏகான்மவாதியர் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர். ஏகம் என்று பொருள் கொள்ளின், அதனை ஒன்றென்று சுட்டுவதற்கு வேறொன்று வேண்டுமன்றோ? இத்தடையைச் சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்திலேயே மெய்கண்டார் விடுத்தார்; அச்சொல் வேறன்மையையே உணர்த்தும் என்றார். மாபாடியத்துள் சிவஞான முனிவர் அவ்வெதிர்மறைக்கு அன்மைப்பொருளே கொண்டு விரித்தார். தொல்காப்பிய முதற் சூத்திரத்திற்கு விருத்தி கண்டவரும், நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியவரும் அவரே. இலக்கணம் வல்லார்க்கு ஓரெழுத்தின் பொருளும் சிறிதன்று.

உடல் உயிரன்று, உயிரின்றி உடல் இயங்குவதும் இல்லை. இவ்விரு தொடரையும் பிறழாது சொல்ல வல்லார், கலப்பினால் ஒன்றாயும் பொருட்டன்மையால் வேறாயும் நிற்கும் இரண்டன்மையை அரை நாழிகையில் விளக்கிவிடுவர். "உடல் உயிர் இல்லை" என்று தொடங்குவாரைக் கேட்போர், பிணத்தைப் பற்றிப் பேசுகின்றாரோ என ஐயுறுவர்.